நம்மை நாமே மட்டம் தட்டலாமா?

விருந்துக்கு வந்தவர் "சாம்பார் பிரமாதம்" என்கிறார். சமைத்தவரிடமிருந்து உடனே பதில் வருகிறது: "இல்லைங்க, இன்னைக்குப் புளி கொஞ்சம் தூக்கல்." பாராட்டை அப்படியே வாங்கிக்கொள்ளும் பழக்கம் நம் வீடுகளில் குறைவு. அதைத் தன்னடக்கம் என்று விட்டுவிடலாம். ஆனால் விருந்தாளி போன பிறகும், "ஒரு சாம்பார்கூட உருப்படியா வைக்கத் தெரியல, நானெல்லாம் என்ன மனுஷி" என்று படுக்கையில் மனம் புலம்பினால், அது அடக்கமல்ல. சுயமதிப்பு குறைந்திருப்பதன் அறிகுறி.

அடையாளம் காண்பது எப்படி?

வாயைத் திறக்கும் முன்பே 'ஸாரி' சொல்வது, யார் எதைக் கேட்டாலும் மறுக்க முடியாமல் தலையாட்டுவது, "நமக்கெல்லாம் எங்கே கிடைக்கப்போகுது" என்று வேலைக்கு விண்ணப்பிக்காமலேயே விட்டுவிடுவது, பத்துப் பேர் பாராட்டினாலும் ஒருவர் சொன்ன குறையை மட்டும் நாள்கணக்கில் அசைபோடுவது. இவையெல்லாம் எளிதில் கண்ணில் படுபவை. சிலரிடம் இது நேர்மாறாகவும் வெளிப்படும். ஓயாத தற்பெருமை, சின்ன விமர்சனத்துக்கும் எரிந்து விழும் கோபம் ஆகியவற்றுக்குப் பின்னாலும் ஆட்டம் கண்ட சுயமதிப்பு இருக்கலாம்.

அமெரிக்கச் சமூகவியலாளர் மோரிஸ் ரோசன்பெர்க் 1965இல் வெளியிட்ட, 10 வாக்கியங்கள் கொண்ட அளவுகோலை ஆய்வாளர்கள் இன்றும் பயன்படுத்துகிறார்கள். மற்றவர்களைவிட உயர்ந்தவரா என்று அது கேட்பதில்லை. குறைந்தபட்சம் மற்றவர்களுக்குச் சமமான மதிப்பு உங்களுக்கு உண்டு என்று நினைக்கிறீர்களா என்றுதான் கேட்கிறது. ஆரோக்கியமான சுயமதிப்புக்கு இதைவிட நல்ல விளக்கம் தேவையில்லை. தன் குறைகள் தெரிந்திருந்தும், அதற்காகத் தன்னை வெறுக்காதவரிடம் அது இருக்கிறது.

அடி எங்கே விழுகிறது?

பெரும்பாலும் வீட்டுக்குள்தான். "கறுப்பா இருந்தாலும் களையா இருக்கா" என்பதைப் பாராட்டு என்றே நினைத்துச் சொல்கிறோம். கேட்கும் பெண் குழந்தைக்கு முதல் பாதிதான் மனதில் தங்கும். 1975இல் இந்தியச் சந்தைக்கு வந்த ஒரு முகக் கிரீம், 'ஃபேர்' என்ற சொல்லைத் தன் பெயரிலிருந்து நீக்க 2020 வரை ஆனது. பெண் பார்க்கப் போகும் நம் வீட்டுப் பெரியவர்கள் இன்னும் நீக்கவில்லை.

மதிப்பெண் கதையும் இதேதான். பொதுத்தேர்வில் மாநில முதலிடம், இரண்டாமிடம் அறிவிக்கும் வழக்கத்தைத் தமிழக அரசு 2017இல் கைவிட்டது. ஆனால் ரிசல்ட் வந்த அன்று சித்தப்பா, பெரியப்பா வீடுகளுக்குப் போன் போட்டு யார் எவ்வளவு என்று ஒப்பிடும் பட்டியல் தொடர்கிறது. பிளஸ் டூவில் வாங்கிய எண்ணைத் தன் விலையாகவே நாற்பது வயதிலும் சுமப்பவர்கள் உண்டு.

புகழ்ந்தால் சரியாகுமா?

கண்ணாடி முன் நின்று "நான் சிறந்தவன்" என்று தினமும் சொல்லச் சொல்லும் சுயமுன்னேற்றப் புத்தகங்களுக்குக் குறைவில்லை. 2009இல் வெளியான, உளவியலாளர் ஜோஆன் வுட் குழுவினரின் ஆய்வு வேறு மாதிரி சொல்கிறது. ஏற்கெனவே தன்னைத் தாழ்வாக நினைப்பவர்கள் இப்படிச் சொல்லிப் பார்த்தபோது, அவர்களின் மனநிலை இன்னும் மோசமானது. உள்மனம் நம்பாததை வாய் சொன்னால் இப்படித்தான்.

கலிபோர்னியா மாநிலம் 1986இல் சுயமதிப்பை வளர்க்க ஒரு தனிக் குழுவே அமைத்தது. குற்றம், போதை, படிப்பில் தோல்வி எல்லாம் குறையும் என்று எதிர்பார்த்தார்கள். ஆனால் உளவியலாளர் ராய் பாமைஸ்டர் உள்ளிட்டோர் 2003இல் அதுவரையிலான ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தபோது, சுயமதிப்பை உயர்த்தினால் மதிப்பெண் உயரும் என்பதற்குப் போதிய சான்று கிடைக்கவில்லை. நன்றாகச் செய்வதால் சுயமதிப்பு வருகிறது என்பதே கூடுதல் பொருத்தமாக இருந்தது.

குழந்தைகளைப் புகழ்வதிலும் கவனம் வேண்டும். "நீ புத்திசாலி" என்று பாராட்டப்பட்ட குழந்தைகள் அந்தப் பெயர் போய்விடுமோ என்று எளிய கணக்குகளையே நாடினார்கள்; "நல்லா முயற்சி பண்ணினே" என்று பாராட்டப்பட்டவர்கள் கடினமானதற்குத் துணிந்தார்கள். இது உளவியலாளர்கள் கரோல் டுவெக்கும் கிளாடியா முல்லரும் 1998இல் வெளியிட்ட ஆய்வின் முடிவு.

என்ன செய்யலாம்?

மனம் திட்டும் வாக்கியத்தை அப்படியே ஒரு தாளில் எழுதுங்கள். "எனக்கு எதுவுமே வராது." இதே தவறைச் செய்துவிட்டு உங்கள் தோழி அழுதால், இந்த வாக்கியத்தை அவரிடம் சொல்வீர்களா? "எதுவுமே" என்பது உண்மைதானா? வராததையும் வந்ததையும் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். மனநல ஆலோசகர்கள் பயன்படுத்தும் சிந்தனை–நடத்தை சிகிச்சையின் அடிப்படையே இப்படி எண்ணத்தைச் சான்றோடு உரசிப் பார்ப்பதுதான்.

அடுத்தது, தள்ளிப்போட்டுவரும் ஏதாவது ஒரு சின்ன வேலை. வங்கிப் படிவத்தை யாரையும் கேட்காமல் நிரப்புவது, ஸ்கூட்டர் ஓட்டப் பழகுவது என்று எதுவாகவும் இருக்கலாம். முடித்த பிறகு வரும் நம்பிக்கையை எந்த மந்திர வாக்கியமும் தராது. யாராவது பாராட்டினால் "நன்றிங்க" என்று சொல்லி அதோடு நிறுத்துங்கள்; புளிக் கணக்கு வேண்டாம்.

எப்போது உதவி தேவை?

சுயமதிப்புக் குறைவு தனியொரு நோயல்ல. ஆனால் 'எதற்கும் லாயக்கில்லாதவன்' என்ற எண்ணம் மனச்சோர்வு நோயின் முக்கிய அறிகுறிகளில் ஒன்று. அந்த எண்ணத்தோடு சோகம், தூக்கக் கோளாறு, பசியின்மை, எதிலும் நாட்டமின்மை ஆகியவையும் இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால் மருத்துவரைப் பாருங்கள். தைராய்டு சுரப்பு குறைந்தாலும் இதே போன்ற சோர்வு வரக்கூடும் என்பதால், அவர் ரத்தப் பரிசோதனையும் எழுதித் தரலாம்.

உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் எட்டிப்பார்த்தால் இரண்டு வாரம் காத்திருக்காதீர்கள். மத்திய அரசின் டெலிமானஸ் உதவி எண் 14416. இது இலவசம், 24 மணி நேரமும் தமிழிலேயே பேசலாம்.