லைன்ல இருங்க!

ஒட்டன்சத்திரம் காய்கறி மார்க்கெட்டுக்கு ஒரு நடை வந்து பாருங்கள். தக்காளிக்கு அடுத்தபடியாக அதிகம் அடிபடுவது 'லைன்' என்கிற வார்த்தைதான்!

"கேரளா லைன்ல எந்த வண்டி போகுது?" - இது பாதை. "லைன்லயே இருங்கண்ணே, திருச்சூர் பார்ட்டி பேசுது" - இது போன். "லைன் போயிருச்சு" என்றால் கரண்ட் கட். பழனிக்கு ரயில் போவதும் லைனில்தான். டீக்கடை வாசலில் வாலிபர்கள் அடிப்பதும் லைன்தான். இது கரண்ட்டைவிட டேஞ்சர். பெண்ணின் அண்ணன் வந்து ஃப்யூஸைப் பிடுங்கிவிடுவான்!

லத்தீனில் 'லினியா' என்றால் ஆளிச்செடி நாரில் திரித்த நூல். அந்த நூல்தான் கோடாகி, வரிசையாகி, கடல் தாண்டி வந்திருக்கிறது. இலங்கை மலையகத்தில் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளுக்கு 'லயன்' என்று பெயர். சிங்கத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஒரு குடும்பத்துக்கு ஒரு அறை, அவ்வளவுதான்.

எங்கள் பக்கம் இன்னொரு லைன் உண்டு. "அவரா? லைனுக்குப் போறாரு" என்றால் மின்வாரிய லைன்மேன் என்று நினைத்துவிடாதீர்கள். வட்டிக்கு விட்டு, வீதி வீதியாக வசூலிப்பவர்!

தள்ளுவண்டியில் காய் விற்கும் அக்காவிடம் விசாரித்தேன். "பத்தாயிரம் வாங்கினேன் கண்ணு. எட்டாயிரத்து ஐநூறு கையில குடுத்தாங்க. தினம் நூறு, நூறு நாளைக்கு. மத்தபடி வட்டியே கெடையாது!"

பி.காம். படித்த பாவத்துக்குக் கணக்குப் போட்டேன். தினமும் கடன் குறைந்துகொண்டே வருவதால், நூறு நாளில் சராசரியாக அக்காவிடம் இருக்கும் கடன் பணம் சுமார் 4,250 ரூபாய்தான். அதற்கு 1,500 ரூபாய் வட்டி. வருஷத்துக்கு ஏறக்குறைய 130 சதவீதம்!

"கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் எல்லாத்துக்கும் 2003-லயே தமிழ்நாட்டுல தடைச்சட்டம் வந்தாச்சுக்கா!" என்றேன்.

"காலைல நாலு மணிக்குத் தக்காளி எடுக்க அந்தச் சட்டம் காசு குடுக்குமா?"

விடவில்லை நான். "2020-ல பி.எம். ஸ்வநிதி திட்டம் வந்துச்சே? தெருவோர வியாபாரிக்கு ஈடு கேக்காம முதல் கடனா பத்தாயிரம் குடுத்தாங்களே?"

"அதுக்கும் பேங்க்ல லைன்ல நிக்கணுமே கண்ணு. அன்னிக்கு யாவாரத்த யாரு பாக்குறது?"

அதற்குள் பைக் வந்து நின்றது. தராசுத் தட்டுக்கு அடியிலிருந்து நூறு ரூபாயை எடுத்து நீட்டினார் அக்கா. வந்தவன் அட்டையில் ஒரு கோடு கிழித்துவிட்டுப் போனான்.

எண்ணிப் பார்த்தேன். இன்னும் நாற்பத்திரண்டு லைன் பாக்கி!