ஆந்தையாரின் குடித்தனம்

ஆழ்வார்குறிச்சியில் கடனாநதிப் பக்கமாக அந்தி வேளையில் உலாவப் போகிறவர்கள், பழைய மரப்பொந்து ஒன்றிலிருந்து இரண்டு மஞ்சள் கண்கள் தங்களை உற்று நோக்குவதைக் காணக்கூடும். நாம் நின்றால் அந்தப் பிராணி தலையை மேலும் கீழும் ஆட்டும். கணக்கில் பிழை கண்டுவிட்ட குமாஸ்தா தோற்றார்! ஆந்தையின் விழிகள் குழியிலே அசையாமல் பதிந்தவை. ஆகவே தூரத்தை அளந்தறியத் தலையையே ஆட்டவேண்டியிருக்கிறது.

இதுதான் புள்ளி ஆந்தை. மைனாவின் அளவு, சற்றுக் குட்டை. பழுப்பு உடலில் வெள்ளைப் புள்ளிகள். 1821-ம் வருஷத்தில் டெம்மிங்க் என்னும் டச்சு அறிஞர் இதற்குச் சாஸ்திரப் பெயர் சூட்டினார். பாரத நாடெங்கும் வாழும் இப்பறவை, கடல் தாண்டி இலங்கைக்கு மட்டும் போகவில்லை.

ஆணும் பெண்ணும் சேர்ந்தே குடித்தனம் நடத்தும். மூன்று அல்லது நான்கு முட்டைகள். வண்டு, வெட்டுக்கிளி, பல்லி, சுண்டெலி எல்லாம் ஆகாரம். ஜீரணமாகாத எலும்பையும் மயிரையும் உருண்டையாகக் கக்கிவிடும். அதைப் பிரித்துப் பார்த்தால் முன்னிரவு உண்டது இன்னதென்று தெரிந்துவிடும்.

வயலுக்கு இவ்வளவு உதவி செய்தும், கூரைமேல் கத்தினால் சாவு வரும் என்று கல்லெறிகிறோம். நோயாளி படுத்திருக்கும் வீட்டில் இரவெல்லாம் விளக்கெரியும். விளக்குக்குப் பூச்சி வரும். பூச்சிக்கு ஆந்தை வரும். அபசகுனத்தின் ரகசியம் இதுவே என்று நமக்குத் தோன்றுகிறது.

1972-ம் வருஷத்து வனவிலங்குச் சட்டம் ஆந்தையைக் காக்கிறது. ஆனால் பொந்தை யார் காப்பது? இந்த ஆந்தை தானாக மரத்தைக் குடைவதில்லை; முதுமரத்தின் பொந்தையும் சுவரின் இடுக்கையும் நம்பியே வாழ்கிறது. திருநெல்வேலி–தென்காசிச் சாலையை அகலப்படுத்தியபோது, நிழல் தந்த கிழமரங்கள் வரிசையாகச் சாய்ந்தன.