கல்லிலே பிறந்த வர்ணப் படங்கள்

யாழ்ப்பாணத்துப் பழைய வீடுகளின் சாமியறையிலே, கண்ணாடிச் சட்டத்துள் இலக்குமியும் சரஸ்வதியும் வீற்றிருக்கக் காண்கிறோம். நாள்தோறும் விளக்கேற்றி நாம் வணங்கும் அத்தகைய படங்களுட் சில கல்லிலே பிறந்தவை என்பதைப் பலர் அறியார்.

கல்லச்சு எனப்படும் இக்கலையை 1796ஆம் ஆண்டளவில் ஜெர்மனியிலே கண்டறிந்தவர் அலோய்ஸ் செனிபெல்டர். எண்ணெயும் நீரும் ஒன்றோடொன்று கலவா என்பதே இதன் அடிப்படை. வழவழப்பாகத் தேய்த்த சுண்ணக்கல்லில் எண்ணெய்ப்பசையுள்ள கோலினாற் சித்திரம் வரைவர். அமிலம் சிறிது கலந்த பிசின்நீரைப் பூசி, கல்லை நனைத்து, மையுருளையை உருட்டுவர். சித்திரம் மையை ஏற்கும்; ஈரம் அதனை விலக்கும். பின்னர் தாளை வைத்து அழுத்துவர்.

நமது குடாநாடும் சுண்ணக்கற் பூமியே. ஆயினும், துளைகளிலே கிணற்று நீரைத் தாங்கி நம்மை வாழ்விக்கும் நமது கல் இத்தொழிலுக்கு உதவாது. பவேரியாவின் சோல்ன்கோபன் பகுதியிலே கிடைக்கும் நுண்மணிக் கல்லே இதற்குப் பெயர்பெற்றது.

வர்ணப் படத்திற்கோ ஒரு கல் போதாது. வர்ணத்திற்கு ஒரு கல்லாகப் பல கற்கள் வேண்டும். பெரும்பாலும் மஞ்சள் முதலிய இளவர்ணங்களை முதலிற் பதிப்பர். மஞ்சளின்மேல் நீலம் படியப் பச்சை தோன்றும். வலம் இடமாக மாறிப் பதியுமாதலால், வலக்கையில் வேலேந்தும் முருகனைக் கல்லிலே இடக்கையில் ஏந்தியவனாக வரைதல் வேண்டும். தாள் மயிரிழை விலகினும் உதட்டுச் சிவப்பு உதட்டை விட்டு அகன்றுவிடும்!

திருவிதாங்கூர் ஓவியர் இரவிவர்மா 1894இல் பம்பாயிலே கல்லச்சகம் நிறுவினார். அரண்மனைச் சுவர்களிலிருந்த சித்திரங்கள் ஏழையின் இல்லத்தையும் அடைந்தன. கோயில் வாயிலிலே தடுக்கப்பட்டோரும் தெய்வத் திருவுருவைத் தம் வீட்டிலே கண்டு வணங்கினர். மாவிட்டபுரத்திலே 1968இல் ஆலயப் பிரவேசப் போராட்டம் நிகழ்ந்ததை அறிந்த நமக்கு, அம்மலிவுத் தாளின் பெருமையை விளக்கவும் வேண்டுமோ?

பிற்காலத்தில் மலவ்லியில் இயங்கிய அவ்வச்சகம் 1972இல் தீக்கிரையாயிற்று. நம் நாட்டிலோ, 1995ஆம் ஆண்டு இடப்பெயர்விலே எத்தனையோ வீட்டுப் பொருள்கள் அழிந்தன. எஞ்சிய படங்களையேனும் காத்தல் நம் கடமையன்றோ?

மாணவர்களே, பழைய படமொன்றைப் பூதக்கண்ணாடியால் நோக்குங்கள். புள்ளிகள் வரிசை பிசகாது ஒழுங்காய் நின்றால், அது பெரும்பாலும் பிற்கால இயந்திரப் படம். ஒழுங்கின்றிச் சிதறிய புள்ளிகளாயின், அவை ஒருவர் கையால் இட்டவையாதல் கூடும். அதனை வெயிலும் ஈரமும் கரையானும் அணுகாது காப்பாற்றுங்கள். மங்கியதென்று குப்பையில் எறியற்க!