சிம் ஏற்காத அமெரிக்க போன்

பெருநாளுக்கு ஊர் வரும் மச்சான் ஐபோன் கொண்டுவருகிறார். அமெரிக்காவில் அதைத் தவணையில் விற்ற செல்போன் நிறுவனத்தின் பூட்டு இருப்பதால் நம்மூர் சிம் எடுக்காது. கடையில் சிம்மோடு மெல்லிய சிப் ஒன்றை வைத்துத் தருகிறார்கள். அது பூட்டைத் திறப்பதில்லை, போனை ஏமாற்றுகிறது. சாஃப்ட்வேர் அப்டேட் ஆனதும் பல நேரம் சிக்னல் போய்விடும். வங்கி ஓடிபிகூட வராது. 2007 செப்டம்பரில் வந்த அப்டேட்டால், முதல் ஐபோனைக் குறுக்கு வழியில் திறந்திருந்த பலருக்குப் போனே முடங்கியது.

போர்டு போய்விட்டது என்று பயந்து பணத்தைக் கொட்டாதீர்கள் என்பதே நம்மிடம் கேட்பவர்களுக்கு நாம் சொல்வது. முதலில் சிப்பைக் கழற்றுங்கள். செட்டிங்ஸில் 'ஜெனரல்', அதில் 'அபௌட்' திறந்து 'கேரியர் லாக்' வரியைப் பாருங்கள். 'நோ சிம் ரெஸ்ட்ரிக்‌ஷன்ஸ்' என்று இல்லையென்றால் பூட்டு இன்னும் இருக்கிறது. அதை முறையாக நீக்க அந்த நிறுவனத்தால்தான் முடியும். *#06# அழுத்தினால் வரும் ஐஎம்இஐ எண்ணை மச்சானுக்கு அனுப்புங்கள். அவர் அங்கே விண்ணப்பிக்கட்டும். தவணை பாக்கியிருந்தால் கிடைப்பது கடினம். அதுவரை வைஃபையில் பயன்படுத்தலாம்.

ஐஎம்இஐ எண்ணையே மாற்றித் தருவதாகச் சொல்பவரிடம் மட்டும் கொடுத்துவிடாதீர்கள். 2023ஆம் ஆண்டுத் தொலைத்தொடர்புச் சட்டப்படி அதற்கு 3 ஆண்டு வரை சிறை, 50 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு.