அனுப்பிய மெயில் எங்கே போச்சு?

வேலைக்கான இன்டர்வியூ அழைப்பு மெயிலில் வரும் என்று காத்திருப்பார் ஒருவர். ‘அன்றைக்கே அனுப்பிவிட்டோமே!’ என்பார்கள் நிறுவனத்தில். இரண்டுமே உண்மைதான். நடுவில் இருக்கும் ஸ்பாம் ஃபில்டர் அதை ஓரங்கட்டியிருக்கும். அனுப்பியவருக்கும் தகவல் போகாது. பெறுபவரின் மொபைலும் ஒலிக்காது.

ஜிமெயிலில் ஸ்பாமுக்குப் போன மெயில், 30 நாள்களில் தானாக அழிந்துவிடும். இன்டர்வியூ தேதி அதற்கு முன்பே கடந்திருக்கும்.

ஏன் இப்படி? அனுப்புபவர் யார் என்பதை உறுதிசெய்யும் எஸ்.பி.எஃப்., டி.கே.ஐ.எம். ஆகிய செட்டிங்குகளில் ஒன்றாவது இருக்க வேண்டும் என்று 2024 பிப்ரவரி முதல் ஜிமெயில் கேட்கிறது. சொந்த டொமைனில் மெயில் வைத்திருக்கும் சிறு நிறுவனங்கள் இதைக் கவனிக்காவிட்டால், நல்ல மெயிலும் குப்பைக்குப் போகலாம்.

வாரம் ஒருமுறை ஸ்பாமைத் திறந்து பாருங்கள். நல்ல மெயில் இருந்தால் ‘ஸ்பாம் அல்ல’ என்பதை அழுத்துங்கள். முக்கியமான மெயிலா? அனுப்பிய கையோடு ஒரு போனும் போட்டுவிடுங்கள்!