புற்றுநோயும் வெற்றிலைப் பெட்டியும்

கிரேக்க மருத்துவ மேதை இப்போகிராத்தர், இந்நோயை நண்டு எனப் பொருள்படும் சொல்லால் குறித்தார். ஆங்கிலத்தில் வழங்கும் பெயரும் நண்டைக் குறிக்கும் இலத்தீன் சொல்லே. தமிழிலோ இதற்குப் புற்று என்று பெயர். கண்ணில் பட்ட உருவத்தைக் கொண்டு இரு மொழியாரும் இட்ட பெயர்கள் இவை. ஆயினும் நண்டைவிடப் புற்றே பொருத்தமானது எனலாம். மண்ணுக்கு மேலே புற்று எழும்போது, உள்ளே கறையான் தன் வேலையைத் தொடங்கி நெடுநாள் ஆகியிருக்கும். இந்நோயின் இயல்பும் அதுவே. கட்டியோ ஆறாத புண்ணோ வெளியே தெரிவது கடைசிப் படி. தொடக்கம் பல ஆண்டுகளுக்கு முன்னரே நிகழ்ந்துவிடுகிறது.

அத்தொடக்கம் எங்கே நிகழ்கிறது என்பதை அறிய, உயிரணுவின் வாழ்க்கையைச் சற்று நோக்க வேண்டும். மனித உடலில் ஏறத்தாழ 37 இலட்சம் கோடி உயிரணுக்கள் உள்ளன. தோல், குடல், வாயின் உட்பரப்பு ஆகிய இடங்களில் தேய்ந்த அணுக்கள் உதிர்வதும், எஞ்சியவை இரண்டிரண்டாகப் பிரிந்து அவ்விடத்தை நிரப்புவதும் ஓயாது நடைபெறும். வாயின் உட்பரப்பு சில வாரங்களில் முழுவதும் புதிதாகிவிடுகிறது. ஓர் அணு பிரியுமுன், தன்னுள் இருக்கும் மரபுச் செய்தி முழுவதையும் படியெடுத்தாக வேண்டும். அச்செய்தி டி.என்.ஏ. என்னும் நீண்ட இழையில், நான்கே எழுத்துகளால் எழுதப்பட்டது. தாய்வழி ஒரு படி, தந்தைவழி ஒரு படி. ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 300 கோடி எழுத்துகள்.

ஏடு படியெடுத்தோர் கைப்பிழையால் பாடவேறுபாடுகள் தோன்றியதைத் தமிழாசிரியர்களுக்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை. உயிரணுவிலும் அதுவே நிகழ்கிறது. பிழை திருத்துவதற்கென்றே அணுவினுள் நுண்ணிய பொருள்கள் உள்ளன. அவை பெரும்பாலானவற்றைத் திருத்திவிடுகின்றன. தப்பியவற்றுள்ளும் பல, பொருளைக் கெடுக்காத பிழைகள். ஆனால் பிரிவினையை ஆளும் மரபணுவில் பிழை புகுந்துவிட்டால் நிலைமை வேறு. அத்தகைய மரபணுக்கள் இருவகைப்படும். ஒரு வகை, ‘பிரிக’ என்று ஏவுவது. மற்றொரு வகை, ‘நில்’ என்று தடுப்பது. பழுது மிகுந்த அணுவை மாய்ந்துபோகுமாறு செய்வதும் இதன் கடமை. ஏவுவது ஓயாமல் ஏவவும், தடுப்பது செயலிழக்கவும் நேர்ந்தால், அவ்வணு உடலின் கட்டளைக்கு அடங்காமல் பெருகத் தொடங்கும். 1979-இல் கண்டறியப்பட்ட ‘பி-53’ என்பது தடுப்பு வகைக்குத் தேவையான ஒரு புரதம். மனிதருக்கு வரும் புற்றுகளில் ஏறத்தாழப் பாதியில் இதற்குரிய மரபணு பழுதுற்றிருக்கக் காண்கின்றனர்.

இந்த உண்மைக்கு வழி திறந்தது ஒரு கோழி. 1911-இல் பெய்ட்டன் ரௌஸ் என்னும் அமெரிக்க அறிஞர், கோழிக்கு வந்த ஒருவகைப் புற்று ஒரு வைரசால் உண்டாகிறது எனக் காட்டினார். அந்நாளில் அதனைப் பொருட்படுத்தியோர் சிலரே. அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது 1966-இல், 87-ஆம் அகவையில்! பின்னர் 1976-இல் பிஷப், வார்மஸ் குழுவினர், அந்த வைரசிலிருந்த தீய மரபணு, நலமான கோழியின் அணுவிலேயே உள்ள மரபணுவின் திரிபுதான் என்று நிறுவினர். புற்றின் வித்து வெளியிலிருந்து வந்த அரக்கன் அன்று. உடலுக்கு வேண்டிய பொருளே கெட்டுப் பகையாயிற்று என்பது அப்போது தெளிவாகியது.

ஒரு பிழையால் மட்டும் புற்று தோன்றிவிடுவதில்லை. ஒரே அணு வழியில் பல பிழைகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சேர வேண்டும். முதுமையில் இந்நோய் மிகுவதற்கு இதுவே காரணம் என்று 1954-இல் ஆர்மிட்டேஜ், டால் என்னும் இருவர் கணக்கிட்டுக் காட்டினர். பிழைகள் மேன்மேலும் சேரச்சேர, அவ்வணுக்கள் தமக்கெனக் குருதிக் குழாய்களை வருவித்துக்கொள்கின்றன. பின்னர்க் குருதி வழியாகவும் நிணநீர் வழியாகவும் நுரையீரல், எலும்பு முதலிய இடங்களில் குடியேறுகின்றன. உயிருக்குப் பெரும்பாலும் முடிவு தேடுவது இக்குடியேற்றமே.

பிழைகளுள் சில தற்செயலாக நேர்பவை. சில, பெற்றோர் வழி வருபவை, இவை சிறுபான்மை. ஏனையவற்றைத் தூண்டுவன வெளிப்பொருள்களே. இதனை முற்காலத்திலேயே சுட்டியவர்களுள் ஒருவர் இலண்டன் அறுவை மருத்துவர் பெர்சிவல் பாட். சிறுவயதில் புகைபோக்கிகளுள் ஏறித் துப்புரவு செய்தோருக்கு, வளர்ந்த பின் மறைவிடத் தோலில் புற்று வருவதற்குப் புகைக்கரியே காரணம் என்று அவர் 1775-இல் எழுதினார். 1915-இல் தோக்கியோவில் யாமகிவா, இச்சிகாவா இருவரும் முயலின் காதில் மாதக்கணக்கில் நிலக்கரித் தார் தடவிப் புற்றை வருவித்தனர். 1950-இல் டால், ஹில் இருவரும் வெண்சுருட்டையும் நுரையீரல் புற்றையும் தொடர்புபடுத்தினர். வெயிலின் புற ஊதாக் கதிர், எக்ஸ் கதிர், மது, சில வைரசுகள் ஆகியனவும் இப்பட்டியலில் அடங்கும். கல்லீரல் புற்றுக்குக் காரணமாகும் மஞ்சட்காமாலை ‘பி’ வைரசுக்கு எதிராகச் சிங்கப்பூரில் 1987 முதலும் மலேசியாவில் 1989 முதலும் பிறந்த குழந்தைகள் அனைவருக்கும் தடுப்பூசி போடப்படுகிறது. வைரசு தொற்றலாமே தவிரப் புற்று தொற்றுவதில்லை. நோயாளியின் குவளையைத் தனியே வைப்பது அறியாமை. முன்வினைப் பயன் என்று கூறி நோயாளியை வருத்துவது அதனினும் கொடிது.

இந்நாட்டுத் தமிழர் நெருங்கி அறிய வேண்டிய காரணம் ஒன்று உண்டு. மலேசியாவில் வாய்ப்புற்று மிகுதியாகக் காணப்படுவது இந்தியரிடையே, அவருள்ளும் பெண்களிடையே. விடியலில் பால்மரம் சீவப் போனோர், பசி தெரியாமலிருக்க வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, புகையிலை சேர்த்துக் கொடுப்பில் ஒதுக்கிக்கொள்வது வழக்கம். தோட்டத்தை விட்டு நகர்ப்புற அடுக்குமாடிக்கு வந்த பிறகும் வெற்றிலைப் பெட்டி சில வீடுகளில் உடன் வந்தது. நெடுநேரம் அடக்கி வைத்த அந்த இடத்திலேயே பின்னாளில் புண் தோன்றுவது மருத்துவர் பலகாலமாகக் கண்ட உண்மை. சென்னையில் நிப்லாக் என்பவர் 1902-இலும், திருவிதாங்கூரில் ஓர் என்பவர் 1933-இலும் இத்தொடர்பை எழுதியுள்ளனர்.

கெடுதல் நிகழும் முறையும் விளங்கியிருக்கிறது. பாக்கின் முரட்டு நார் வாயின் மெல்லிய உட்பரப்பை உராய்கிறது. சுண்ணாம்பின் காரத்தில் பாக்குப் பொருள்கள் உயிர்வளியோடு கூடி, டி.என்.ஏ. இழையைத் தாக்கும் தன்மை பெறுகின்றன. புகையிலையின் நச்சுகள் வேறு. புண்பட்ட பரப்பை ஈடுசெய்ய அணுக்கள் விரைந்து பிரிகின்றன; படியெடுப்பு மிகமிகப் பிழையும் மிகும். “புகையிலை போடுவதில்லை, வெறும் பாக்குத்தான்” என்று ஆறுதல் கொள்வோர் பலர். உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவு 1985-இல் புகையிலை கலந்த தாம்பூலத்தையே குற்றம் சாட்டியது உண்மைதான். ஆனால் 2004-இல் வெளியிட்ட தொகுதியில், புகையிலை இல்லாத தாம்பூலமும் பாக்கும் புற்றை உண்டாக்குவன என்று அப்பிரிவே உறுதி செய்துவிட்டது. மணவீட்டில் என்றோ ஒரு நாள் போடுவது வேறு. நாள்தோறும் பல முறை, ஆண்டுக்கணக்கில் போடுவது வேறு.

இந்நோயில் ஒரு நல்வாய்ப்பும் உண்டு. குடலையோ கணையத்தையோ போலன்றி, வாயைத் திறந்தால் பார்க்கலாம். புற்றாவதற்கு முன் பலருக்கு வெண்திட்டு, செந்திட்டு தோன்றும். செந்திட்டே மிகுந்த ஐயத்துக்குரியது. சிலருக்குக் கன்னத்தின் உட்புறம் இறுகி, வாய் வரவரத் திறக்க இயலாமற் போகும். காரம் பட்டால் எரியும். இந்த இறுக்கத்தை 1952-இல் சுவார்ட்ஸ் என்பவர் கென்யாவில் வாழ்ந்த ஐந்து இந்தியப் பெண்களிடம் கண்டு எழுதினார்.

பார்த்தால் பயன் உண்டா என்பதையும் ஆய்ந்துள்ளனர். 1996-இல் திருவனந்தபுரம் வட்டாரத்தில், 35 அகவைக்கு மேற்பட்ட ஏறத்தாழ 1,90,000 பேர் ஓர் ஆய்வில் சேர்க்கப்பட்டனர். ஒரு பாதியினரின் வாயைப் பயிற்சி பெற்ற பட்டதாரிகள் வீடுவீடாகச் சென்று பார்வையிட்டனர். அவர்கள் மருத்துவர் அல்லர். மொத்த மக்களையும் சேர்த்து நோக்கியபோது வேறுபாடு உறுதிப்படவில்லை. ஆனால் புகையிலையோ மதுவோ பழகியோரிடையே வாய்ப்புற்றால் நேரும் இறப்பு 34 விழுக்காடு குறைந்திருந்தது. இது 2005-இல் வெளிவந்த முடிவு.

அவர்கள் செய்தது எளிய செயலே. நல்ல வெளிச்சத்தில் இரு கன்னங்களையும் விலக்கி உட்புறம், ஈறு, நாக்கின் ஓரங்கள், நாக்கைத் தூக்கச் செய்து அதன் அடிப்புறம் ஆகியவற்றை நோக்கி, கழுத்தில் கட்டி உண்டா என்று தடவிப் பார்த்தனர். வீட்டிலுள்ள முதியோர் “வலி இல்லையே” என்று கூறி வாய் திறக்க மறுப்பதுண்டு. தொடக்கத்தில் இந்நோய் வலிப்பதில்லை. இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண்ணோ, துடைத்தாலும் போகாத திட்டோ இருப்பின், வலி இல்லாவிடினும் பல் மருத்துவரிடமோ பொது மருத்துவரிடமோ காட்டிவிட வேண்டும்.