பங்கு வேறு, அளவு வேறு

தொண்டைமானாற்றுப் பாலத்தடியில் மாலையில் சிறிது நேரம் நில்லுங்கள். மோட்டார் சைக்கிள்கள், முச்சக்கரவண்டிகள், மீன் ஏற்றிய சிறு லொறிகள் புகைவிட்டபடி செல்லும். ஒரு லீற்றர் பெற்றோல் எரியும்போது, காற்றிலுள்ள ஒட்சிசனும் சேர்வதால், ஏறக்குறைய 2.3 கிலோகிராம் காபனீரொட்சைட்டு வெளியாகிறது. டீசலாயின் 2.7 கிலோகிராம்.

எரிபொருள்களால் உலகில் வெளியாகும் காபனீரொட்சைட்டில் போக்குவரத்தின் பங்கு ஏறக்குறைய காற்பங்கு. இந்தியாவில் அது பத்தில் ஒன்றைச் சற்றே தாண்டும். இலங்கையிலோ 1990களில் பாதியளவாக இருந்தது. அப்படியானால் இந்தியரைவிட நாம் அதிகம் வாகனம் ஓட்டினோமா?

இல்லை. ஒரு கடற்றொழிலாளர் வீட்டுச் செலவில் பாதி அரிசிக்குப் போகலாம்; செல்வந்தர் வீட்டில் இருபதில் ஒரு பங்கே போகலாம். அதனால் ஏழை வீட்டில் அதிகம் உண்கிறார்கள் என்று சொல்வோமா? அந்த வீட்டில் வைத்தியச் செலவு கூடினால் அரிசியின் பங்கு குறையும். ஆனால் உண்ணும் அரிசி குறையாது.

நாடுகளின் கணக்கும் இதுவே. இந்தியாவில் மின்சாரத்தின் பெரும்பகுதி நிலக்கரியிலிருந்து வருவதால் போக்குவரத்தின் பங்கு சிறிதாகத் தெரிகிறது. 1990களின் தொடக்கத்தில் எமது நாட்டு மின்சாரம் பெரும்பாலும் நீரிலிருந்தே கிடைத்தது. அதனால் இங்கு வாகனப் புகையின் பங்கு பெரிதாகத் தெரிந்தது. 2011இல் நுரைச்சோலை அனல்மின் நிலையம் இயங்கத் தொடங்கி, நிலக்கரிப் புகை கூடியபின் அப்பங்கு குறைந்தது. வீதியில் வாகனங்கள் குறைந்ததால் அன்று.

எனவே பங்கோடு ஆளுக்குரிய அளவையும் கேட்க வேண்டும். அமெரிக்காவில் போக்குவரத்தினால் மட்டும் ஆளுக்கு ஆண்டொன்றுக்கு ஏறக்குறைய 5 தொன் வெளியாகிறது. இலங்கையிலோ எல்லாத் துறைகளையும் சேர்த்தே ஆளுக்கு 1 தொன் அளவுதான்.

குறைந்த அளவெல்லாம் நல்லதென்றும் எண்ணிவிடக் கூடாது. 1990இன் பின் பொருளாதாரத் தடையால் குடாநாட்டில் பெற்றோல் அரிதாயிற்று. மண்ணெண்ணெயில் வாகனங்கள் ஓடின. நோயாளரைச் சைக்கிளில் ஏற்றிச் சென்றோம். புகை குறைந்தது உண்மை. அது இல்லாமையால் வந்த குறைவு. 2022இல் எரிபொருள் வரிசையில் நின்றபோதும் அதையே மீண்டும் கண்டோம்.

நாம் வேண்டுவது பயணத்தைக் கைவிடுவதன்று. நாற்பது பேர் நாற்பது மோட்டார் சைக்கிள்களில் பருத்தித்துறைக்குப் போவதைவிட, ஒரே பஸ்ஸில் போனால் ஆளுக்குரிய புகை வெகுவாகக் குறையும். ஆனால் அந்த பஸ் நேரத்துக்கு வரவேண்டும். கிராமச் சங்கங்கள் ஒன்றுகூடிக் கேட்க வேண்டியது அதையே.